பெய்ஜிங் பாட்டிகளுக்கு நேரமில்லை

சீனாவில் இருக்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் முதலில் பாம்பு, தவளை பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி இது: "அங்கெல்லாம் பெத்தவங்களை ரொம்ப நல்லா பார்த்துக்குவாங்களாமே?" பெற்றோரைப் போற்றச் சொன்ன ஞானி கன்ஃபூசியஸ் பிறந்த நாடு, அதனால் பிள்ளைகள் பெற்றோரைத் தலையில் வைத்துத் தாங்குவார்கள் என்று ஓர் எண்ணம். கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள். அவர்கள் சீனாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதில்லை.

நான் பார்த்த வரையில், இங்கே நன்றாக இருக்கிற பாட்டிகள் யாரும் பிள்ளைகளை நம்பி நன்றாக இல்லை. பிள்ளைகளுக்கு அதற்கு நேரமே கிடையாது. பாட்டிகளை நிமிர்த்தி வைத்திருப்பது எதிர்வீட்டுப் பாட்டி, கீழ்வீட்டுப் பாட்டி, அடுத்த தெருப் பாட்டி.

நாங்கள் குடியிருப்பது பெய்ஜிங்கின் கிழக்கே, சாவ்யாங் மாவட்டத்தில். 1950களில் அரசு இங்கே பருத்தி நூற்பாலைகளை வரிசையாகக் கட்டியது. ஆலைகள் போய்விட்டன. ஓர் ஆலையின் கொட்டகைகளில் இப்போது விளம்பரக் கம்பெனிகளும் காபிக் கடைகளும் இருக்கின்றன. தொழிலாளர்களுக்காகக் கட்டிய செங்கல் குடியிருப்புகளில் பல அப்படியே நிற்கின்றன. எங்கள் கட்டடம் ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. வாடகை கொஞ்சம் குறைவு என்று நான்காம் மாடியில் வீடு எடுத்தோம். எதிர்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். என் மகன் அவரை 'நைநை' என்று கூப்பிடுவான். பாட்டி என்று அர்த்தம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நைநையைப் பிடிப்பது கஷ்டம். காலை ஆறரைக்குக் கீழே தாய்ச்சி, மெதுவாகக் கைகால் அசைக்கும் பயிற்சி. அது முடிந்து சந்தை. முற்றத்தில் மஞ்சளும் நீலமுமாக இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள் நிற்கும். நாடு முழுக்க விளையாட்டு லாட்டரிப் பணத்தில் நட்டுவைத்தவை. அதில் ஒன்றில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஊர்க்கதை. மதியம் முதியோர் உணவகத்தில் சலுகை விலைச் சாப்பாடு. தூக்கம் போட்டு எழுந்தால் மாஜோங், வில்லைகளை அடுக்கி நாலு பேர் ஆடும் ஆட்டம். சாயங்காலம் ஏழு மணிக்கு நடனம். நான் ஒரு நாள் தோசைக்குக் கூப்பிட்டபோது சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துவிட்டு "அடுத்த வாரம் வரலாம்" என்றார். மகன் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், சில ஞாயிறுகளில் வரமாட்டான். அதைப் பற்றி நைநை பெரிதாகப் புலம்பி நான் கேட்டதில்லை. அவன் வரும் நாளில் மாஜோங் ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்றுதான் புலம்புவார்.

வாரத்தில் சில நாள் அவருக்குத் தியான்தான். சுற்றுலாப் புத்தகங்களில் வருமே, நீலக் கூரை போட்ட வட்ட மண்டபம், அந்த வானக் கோயில்தான். கோயில் வளாகத்தை முதலில் கட்டி முடித்தது மிங் பேரரசர் யோங்லே காலத்தில், 1420-ல். பேரரசர் நல்ல விளைச்சலுக்கு வேண்டிக்கொள்ளும் இடம், சாதாரண ஜனம் உள்ளே கால் வைக்க முடியாது. 1918-ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம், கையில் முதியோர் அட்டை இருந்தால் பேருந்தும் இலவசம். பயணிகள் மண்டபத்தைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெய்ஜிங்காரர்கள் இருப்பது அதற்குக் கிழக்கே போகும் நீண்ட தாழ்வாரத்தில். 72 கட்டு கொண்டது. மடைப்பள்ளியிலிருந்து படையலை மழையும் பனியும் படாமல் மண்டபத்துக்குக் கொண்டுபோகக் கட்டிய வழி. இன்று அதன் இருபுறத் திண்டிலும் சீட்டாட்டம். சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள் ஆடுகிறவர்களைவிட அதிகம்.

நைநையோடு ஒரு நாள் போனேன். உடற்பயிற்சிக் கம்பிகளில் நரைத்த தாத்தாக்கள் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்தார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஆறேழு பேர் வட்டமாக நின்று இறகு வைத்த ஜியன்சியைக் காலால் உதைத்து, கீழே விடாமல் சுற்றுக்கு விட்டார்கள். நடுவில் யாராவது தவறவிட்டால் கூட்டமே திட்டும். இன்னொரு பக்கம் ஒருவர் துடைப்பம் போன்ற நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் பழைய கவிதை எழுதிக்கொண்டிருந்தார். வெயிலில் அது காய்ந்து மறைவதைப் பற்றித் தத்துவமாக எழுதாத பயணக் கட்டுரையே கிடையாது. நான் கவனித்தது வேறு: அவர் பின்னால் மூன்று தாத்தாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு எழுத்துக்கும் குறை சொன்னார்கள். இவர் நிமிர்ந்து அவர்களில் ஒருவரிடம் தூரிகையை நீட்டி "நீயே எழுது பார்ப்போம்" என்றார். அவர் எழுத, இவர் குறை சொன்னார். இங்கே யாரும் தனியாக எதையும் செய்வதில்லை. மரத்தில் முதுகை மோதிக்கொள்வதைக்கூட பக்கத்து மரத்தில் மோதுகிறவரோடு பேசிக்கொண்டே செய்கிறார்கள்.

ஏழு நட்சத்திரக் கற்கள் இருக்கும் பக்கம் ஒரு கல்யாணச் சந்தை உண்டு. பெற்றோர்கள் ஒரு தாளில் மகன் அல்லது மகளின் பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, பெய்ஜிங் குடியுரிமைப் பதிவு, சொந்த வீடு உண்டா என்று எழுதி முன்னால் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஜாதகக் கட்டு மட்டும்தான் பாக்கி. இதில் எத்தனை கல்யாணம் முடிகிறது என்று நைநையைக் கேட்டேன். "முடிந்துவிட்டால் அடுத்த வாரம் எங்கே போவார்களாம்?" என்றார்.

சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நம் ஆட்கள் உடனே 'ஐயாயிரம் வருஷப் பண்பாடு' என்பார்கள். அது கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நைநையின் கதையைக் கேட்டால் காரணம் அவ்வளவு தூரத்தில் இல்லை. 1969-ல், பள்ளியில் படிக்க வேண்டிய வயதில், அவரை ரயிலேற்றி வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மாவோ காலத்தில் நகரத்துப் பிள்ளைகள் 1.6 கோடிக்கும் மேல் இப்படிக் கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே பாயும் கூட்டம், சாப்பாடும் கூட்டம், வேலையும் கூட்டம், ஆட்டமும் பாட்டும் கூட்டம். திரும்பி வந்ததும் நூற்பாலை. ஆலை என்றால் சம்பளம் மட்டுமில்லை. வீடு, மருத்துவமனை, பிள்ளைக்குப் பள்ளி, குளிக்கிற இடம் எல்லாம் ஆலையே. 1990களின் கடைசியில் அரசு நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்தபோது 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். நைநையை ஐம்பது ஆவதற்குள்ளேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொதுவாகவே பெண் தொழிலாளர்களுக்கு ஐம்பதில் ஓய்வு, ஆண்களுக்கு அறுபது. 2025 ஜனவரியிலிருந்துதான் 15 ஆண்டுகளில் படிப்படியாக இதைக் கூட்டுகிறார்கள்.

ஐம்பது வயது, கையில் சிறிதோ பெரிதோ ஓய்வூதியம், உடம்பில் தெம்பு, ஒரே பிள்ளை, அதுவும் வளர்ந்தாகிவிட்டது. கூட்டமாகவே வாழ்ந்து பழகிய பெண்களுக்குத் திடீரென்று கூட்டம் இல்லை. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்துவிட்டார்கள். குவாங்சாங் வூ என்கிற சதுக்க நடனம் சீனா முழுக்க பரவியதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பழைய ஆலை போய்விட்டது, ஷிஃப்டை மட்டும் அவர்கள் விடவில்லை.

ஷிஃப்ட் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் முற்றத்துக் குழுவுக்குத் தலைவி உண்டு, பொருளாளர் உண்டு (நைநைதான், பேட்டரிக்கும் சீருடைக்கும் வசூல்), முதல் வரிசையில் யார் நிற்பது என்பதில் வருஷக்கணக்கான பகை உண்டு. பக்கத்துச் சதுக்கத்தில் இன்னொரு குழு. அவர்களுக்கும் இவர்களுக்கும் ஆகாது. எதிர்க்குழுவின் பாட்டைக் கேட்டாலே நைநை முகத்தைச் சுளிப்பார். பாட்டிகளை அன்பே உருவாக மட்டும் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சண்டை போட ஆள் இருப்பதும் ஆரோக்கியத்தில் சேர்த்திதான். எனக்கு மருத்துவம் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

தூங்க முடியாத அக்கம்பக்கத்துக்காரர்களின் கதை தனி. 2014-ல் வென்சோவ் நகரத்தில் ஒரு குடியிருப்புக்காரர்கள் 2.6 லட்சம் யுவான் சேர்த்து ராட்சத ஒலிபெருக்கி வாங்கி, நடனக்காரர்களைப் பார்த்துத் திருப்பி அலறவிட்டார்கள். 2022 ஜூனில் வந்த ஒலிமாசுச் சட்டத்தில் பொது இட நடனத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இப்போது சில குழுக்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடுகின்றன. எங்கள் குழு ஒன்பது மணிக்கு நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் என் கணவர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கும்.

இந்தச் சுறுசுறுப்பின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் மாதம் நாடாளுமன்றக் கூட்டம் நடக்கும்போது இதே பாட்டிகள் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு தெருமுனையில் உட்கார்ந்துவிடுவார்கள். யார் வருகிறார், யார் போகிறார், யார் வீட்டில் புது ஆள் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும், தேவைப்பட்டால் போலீசுக்கும் தெரியும். 'சாவ்யாங் மக்கள்' என்று சொன்னால் நாடே சிரிக்கும். பிரபலங்கள் போதைப்பொருளோடு பிடிபட்ட வழக்குகளில் துப்புக் கொடுத்தவர்கள் என்று போலீஸ் அறிக்கைகளில் இடம்பிடித்த பெயர் அது. நான் குடிவந்த புதிதில் என் குப்பைப் பையில் தேங்காய் ஓடு இருந்தது எனக்கு முன்னால் முற்றத்துக்குத் தெரிந்திருந்தது. வயதானவர்களுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள் என்று சொல்வது சுலபம். இப்படி ஒரு பொறுப்பு எனக்குப் பிடிக்கிறதா என்றால், இல்லை.

போன குளிர்காலத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து என் மாமியார் வந்தார். பேரனைப் பார்த்துக்கொள்ள. முதல் நாள் சாயங்காலம் ஜன்னலில் நின்று கீழே பார்த்தவர், "இவளுவ எல்லாம் வீட்டுல சோறு பொங்கவே மாட்டாளுவளா?" என்றார். இரண்டாம் நாள் பேரனைத் தூக்கிக்கொண்டு கீழே போனவர் கோபமாகத் திரும்பி வந்தார். முற்றத்துப் பாட்டிகள் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, பிள்ளைக்குக் குளிருகிறது என்று ஆளாளுக்குக் கத்தி, ஒருத்தி தன் சால்வையை எடுத்துச் சுற்றிவிட்டாளாம். "எம் பேரனுக்குக் குளிருதான்னு எனக்குத் தெரியாதா?" ஏற்கெனவே அவன் மூன்று சட்டைக்கு மேல் ஒரு கோட் போட்டிருந்தான். இந்த விஷயத்தில் சீனப் பாட்டிகளை யாரும் ஜெயிக்க முடியாது என்று அத்தையைச் சமாதானப்படுத்தினேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது, நான் பகலில் வேலையில் இருப்பேன். தெற்குப் பார்த்த சுவரோரம் மதியம் வெயில் விழும் இடத்தில் எல்லோரும் மடக்கு முக்காலியோடு உட்காருவார்கள். அத்தைக்கும் ஒரு முக்காலி வந்துவிட்டது. மொழி கிடையாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். அது அத்தையின் திருநெல்வேலித் தமிழைக் கேட்டு என்னத்தையோ சொல்ல, அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மாமனார் விக்கிரமசிங்கபுரம் ஆலையில் வேலை பார்த்தவர் என்பதை மட்டும் எப்படியோ புரியவைத்திருக்கிறார். அன்றிலிருந்து நைநை எங்களையும் ஆலைக்குடும்பமாகவே கணக்கு வைத்துக்கொண்டார்.

அத்தை ஆடவில்லை. முட்டிவலி என்றார், கூச்சம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நடனம் சூடு பிடித்ததும் எல்லோரும் கோட்டைக் கழற்றுவார்கள். அந்தக் கோட்டுகள், கைப்பைகள், வெந்நீர்க் குடுவைகள் எல்லாம் பெஞ்சில் அத்தை பக்கத்தில் குவிந்தன. சில நாளில் அது அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது. எது யாருடைய கோட் என்று நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் சளி பிடித்துக் கீழே போகவில்லை. எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நைநையும் தலைவியும், கையில் இஞ்சி போட்ட ஏதோ கஷாயத்தோடு. அத்தைக்கு இருமலைவிட இதுதான் தாங்கவில்லை. "ஊருல நாலு நாள் நான் வெளிய வரலன்னா யாருட்டி கேப்பா?" என்றார். கேட்க ஆள் இல்லாமல் இல்லை. அவரோடு கோயிலுக்குப் போன கூட்டாளிகளில் ஒருவர் சென்னையில் மகள் வீட்டில், ஒருவர் அமெரிக்காவில் ஆறு மாதம், மிச்சப்பேர் சீரியல் நேரத்தில் கதவைத் திறப்பதில்லை.

இனி அந்தக் கன்ஃபூசியஸ் விஷயம். அவர் கேலியாகவே ஒன்று சொல்லியிருக்கிறார்: பெற்றோருக்குச் சோறு போடுவதை மட்டும் பக்தி என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் சோறு போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம்? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் பிள்ளைகள் அப்போதும் அப்படித்தான். 2013 ஜூலையில் சீன அரசு, தனியாக இருக்கும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அது அமலுக்கு வந்த அன்றே வூஷி நகரத்து நீதிமன்றம் ஒரு மகளுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது 77 வயது அம்மாவைப் போய்ப் பார்க்கும்படி உத்தரவிட்டது. நாமும் 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தவர்கள்தான், சிரிக்க முடியாது. ஆனால் நீதிமன்றம் சொல்லி வந்து உட்காரும் மகளோடு அந்த அம்மா என்ன பேசியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் விட்ட இடத்தில் வியாபாரிகள் நுழைகிறார்கள். இலவச முட்டை தருகிறோம் என்று கூட்டம் கூட்டி, சத்து மாத்திரையும் காந்த மெத்தையும் விற்கும் ஆட்கள் இங்கே ஏராளம். இளம் பையன்கள், பெண்கள். "நைநை, நைநை" என்று காலைப் பிடித்துவிட்டு, பிறந்தநாளுக்கு கேக் கொண்டுவருவார்கள். எங்கள் கட்டடத்திலேயே ஒரு தாத்தா சேமிப்பில் பாதியை இப்படி விட்டார். ஏமாற்று என்று தெரிந்துதான் வாங்கினேன் என்று மகனிடம் சொன்னாராம். ஷாங்காயில் இன்னொரு விதம்: துணையை இழந்த பெரியவர்கள் ஐகியா மரச்சாமான் கடையின் உணவகத்தில் கூடி, இலவச காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒருவரையொருவர் நோட்டம் விடுவார்கள். கடைக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு 2016-ல், சாப்பாடு வாங்கினால்தான் உட்காரலாம் என்று அறிவித்தார்கள். எனக்கென்னவோ அந்தப் பெரியவர்கள் பக்கம்தான் மனது போகிறது.

இதெல்லாம் நகரத்து ஓய்வூதியக்காரர்களின் கதை. 2024 முடிவில் சீனாவில் அறுபது தாண்டியவர்கள் 31 கோடி, மக்கள்தொகையில் 22 சதவீதம். இதில் கிராமத்து விவசாயிக்கு அரசு கொடுக்கும் குறைந்தபட்ச அடிப்படை ஓய்வூதியம் 2009-ல் மாதம் 55 யுவானில் ஆரம்பித்தது, 2025-ல்தான் 143 ஆனது. அதை வைத்துக்கொண்டு யாரும் நடன உடை வாங்க முடியாது. எழுபதிலும் நிலத்தில் நிற்கிறார்கள். பேரப்பிள்ளை வளர்ப்பதற்காக ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த பெரியவர்கள் இன்னொரு கூட்டம். 2015 கணக்குப்படி இடம்பெயர்ந்து வாழும் முதியவர்கள் கிட்டத்தட்ட 1.8 கோடி; அவர்களில் நூற்றுக்கு 43 பேர் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பார்க்கவே வந்தவர்கள். முற்றத்தில் அவர்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். தள்ளுவண்டியோடு ஓரமாக நிற்பார்கள். சிச்சுவான் பேச்சும் ஹெனான் பேச்சும் பெய்ஜிங் பாட்டிகளுக்குச் சரியாகப் பிடிபடாது. அத்தையிடம் முதலில் வந்து உட்கார்ந்தவர் ஹெனானிலிருந்து வந்த ஒரு பாட்டிதான். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது எங்கள் கட்டடத்தில் நடக்கும் சண்டை லிஃப்ட் பற்றியது. ஆறாம் மாடித் தாத்தா இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு கீழே வருவதே இல்லை. அவருடைய சதுரங்க ஜோடி தினமும் மேலே ஏறிப் போகிறார், அவருக்கும் எழுபத்தெட்டு. பழைய கட்டடங்களுக்கு வெளிப்புறமாக லிஃப்ட் ஒட்டவைக்க அரசு மானியம் தருகிறது, ஆனால் குடியிருப்பவர்கள் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ள வேண்டும். தரைத்தளத்துக்காரர்கள் வெளிச்சம் மறைகிறது, எங்களுக்கு லிஃப்ட் எதற்கு என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நைநை வசூல் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கையெழுத்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுகிறார். தரைத்தளத்து அம்மா எதிர்க்குழுவில் முதல் வரிசைக்காரி என்பதால் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகிறது.

அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டார். சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டுக்கு 2020-லிருந்து இந்தியாவில் தடை. வாட்ஸ்அப் சீனாவில் நேரடியாக ஓடாது. ஆகவே நைநை தினமும் காலையில் ரோஜா, தாமரை, உதயசூரியன் போட்ட காலை வணக்கப் படத்தை எனக்கு அனுப்புவார், நான் அதை அத்தைக்குத் தள்ளிவிட வேண்டும். அத்தையும் பதிலுக்கு அதே ரோஜா, அதே தாமரை, கூட ஒரு பிள்ளையார். ஒரு நாள் தாமதமானால் இரண்டு பக்கமும் எனக்குத்தான் திட்டு. நேற்று நைநை அனுப்பியது குரல்செய்தி: லிஃப்டுக்கு இன்னும் இரண்டு கையெழுத்துதான் பாக்கி, அடுத்த தடவை வரும்போது முட்டியைக் காரணம் சொல்ல முடியாது என்று அவளிடம் சொல். சொன்னேன். "கோட்ட யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்கச் சொன்னார் அத்தை. இன்று சாயங்காலம் கேட்க வேண்டும்.